ஆறு மில்லிமீட்டர்

தீபாவளி முடிந்து ரஜாய்ப் போர்வைகளை வெளியே எடுக்கிற வாரத்தில்தான் தில்லி மோதி பாக் வீடுகளில் சுண்டெலியின் பேச்சு தொடங்கும். பாக்ஸ் கட்டிலைத் திறந்து ரஜாயை உருவினால் ஒரு மூலையில் பஞ்சு பிடுங்கப்பட்டிருக்கும். பக்கத்தில் அரிசிமணி அளவுக்குக் கறுப்புப் புழுக்கைகள் கிடக்கும். வெளியே குளிர் இறங்கத் தொடங்கும் காலம் அது. ஜனவரி இரவுகளில் தில்லியின் வெப்பநிலை ஏழெட்டு டிகிரிக்கு வந்துவிடும். இருபது கிராம் எடைகூடத் தேறாத ஓர் உடலுக்கு அது பெரும் சோதனை. உடல் சிறுக்கச் சிறுக்க எடையோடு ஒப்பிடும்போது தோலின் பரப்பு கூடுகிறது. தோல் வழியே வெப்பம் கசிந்துகொண்டே இருக்கிறது. அதை ஈடுகட்ட நிறையத் தின்ன வேண்டும், அல்லது கதகதப்பான மூலையில் ஒண்ட வேண்டும். நம் வீடுகளில் இரண்டுக்குமே வசதி இருக்கிறது.

மோதி பாகின் பெரும்பகுதி மத்திய அரசு ஊழியர்களுக்கான குடியிருப்பு. தில்லித் தமிழர்களுக்குப் பழகிய பேட்டை. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்று இங்கே இருக்கிறது, ராமகிருஷ்ணபுரத்தின் மலை மந்திரும் தமிழ்ச் சங்கமும் பக்கம்தான். இங்குள்ள பழைய குவார்ட்டர்ஸ் வீடு ஒன்றைத் தரையோடு தரையாகக் குனிந்து பார்த்தால் வேறு ஒரு வீடு தெரியும். சமையலறைத் தொட்டியின் கழிவுக்குழாய் சுவருக்குள் நுழைகிற இடத்தில் சிமென்ட் உதிர்ந்திருக்கும். குழாய் எரிவாயு இணைப்புக்காகப் போட்ட துளை குழாயைவிடப் பெரிதாக இருக்கும். ஏ.சி. குழாய்க்குப் போட்ட துளையும் அப்படித்தான். ஜன்னலில் பொருத்திய கூலரைக் குளிர்காலத்தில் யாரும் கழற்றுவதில்லை. அதன் பக்கவாட்டில் அட்டையை வைத்து அடைத்திருப்பார்கள், உள்ளே இருக்கும் காய்ந்த புல்தட்டி கூடு கட்டத் தோதானது. வாசலில் இருக்கும் வலையடித்த ஜாலிக் கதவின் அடியில் ஒரு விரல் இடைவெளி இருக்கும்.

வளர்ந்த சுண்டெலி நுழைய ஏறத்தாழ ஆறு மில்லிமீட்டர் இடைவெளி போதும். ஒரு பென்சிலின் தடிமன்கூட அதைவிடச் சற்று அதிகம். எலியின் உடலில் சுருக்க முடியாத பகுதி மண்டையோடுதான். தலை நுழைந்துவிட்டால் மற்றதெல்லாம் பின்னால் வந்துவிடும். மீசை முடிகள் துளையின் அகலத்தை இருட்டிலும் அளந்து சொல்கின்றன. சொரசொரப்பான சுவரில் ஏறும். நின்ற இடத்திலிருந்து ஓரடி உயரம் தாவும். சுண்டெலியைப் பற்றிப் புத்தகங்கள் எத்தனையோ சொல்லலாம். வீட்டுக்காரருக்கு அவற்றில் மிகவும் பயன்படுவது அந்த ஆறு மில்லிமீட்டர் என்பதே என் கருத்து. இந்த அத்தியாயம் முழுக்க அதைத்தான் வெவ்வேறு பக்கங்களிலிருந்து பார்க்கப் போகிறோம்.

முதலில் வந்திருப்பது யார் என்று தெரிய வேண்டும். தில்லி வீடுகளில் இரவில் ஓடுவதெல்லாம் சுண்டெலி அல்ல. கூரிய நீண்ட மூக்கோடு, சுவரை ஒட்டி, கீச்சுக்கீச்சென்று ஒலியெழுப்பியபடி போவது மூஞ்சூறு. அது எலி இனமே அல்ல. கொறிக்கும் பற்கள் அதற்குக் கிடையாது. கரப்பான்பூச்சியும் மற்றப் பூச்சிகளும்தான் அதன் இரை. கஸ்தூரி போன்ற அதன் நாற்றத்தால் பலர் வெறுக்கிறார்கள், ஆனால் அரிசி மூட்டையை அது தொடாது. வாலோடு சேர்த்து ஒரு முழத்தை நெருங்கி, சுவரோரத்தில் மண்ணைத் தோண்டிக் குவித்திருந்தால் அது பெருச்சாளி வகை. வீட்டெலி மரத்திலும் கூரையிலும் திரியும். அதன் புழுக்கை அவரைவிதை நீளத்தை எட்டும். சுண்டெலியின் புழுக்கை அரிசிமணி நீளம்தான், முனை கூராக இருக்கும். இந்த வேறுபாடு முக்கியம். ஏனெனில் பெரிய எலிகள் புதிய பொருளைக் கண்டால் பல நாள் ஒதுங்கிப் போகும். சுண்டெலி புதிய பொருளை அன்றிரவே வந்து முகர்ந்து பார்க்கும். ஒன்றுக்குப் பொறி வைக்கிற முறையில் மற்றதற்கு வைத்தால் பயன் இல்லை.

சுண்டெலி எங்கிருந்தோ இந்தியாவுக்கு வந்த விருந்தாளி அல்ல. உலகெங்கும் உள்ள சுண்டெலிகளின் மரபணுக்களை 1990களில் ஒப்பிட்டுப் பார்த்த பிரான்சின் மாண்ட்பெல்லியே ஆய்வாளர்கள், மிக அதிகமான மரபு வேறுபாடு இந்தியத் துணைக்கண்டத்தின் வடபகுதியில்தான் இருக்கிறது என்று கண்டார்கள். வேறுபாடு எங்கே அதிகமோ அங்கேதான் ஓர் இனம் நெடுங்காலம் வாழ்ந்திருக்கும் என்பது பொது விதி. ஆகவே சுண்டெலியின் பூர்விகம் இந்தப் பக்கமாக இருக்கலாம் என்பது அவர்கள் முடிவு. மனிதரோடு அது சேர்ந்த கதைக்கு மிகப் பழைய சான்று மேற்கு ஆசியாவில் கிடைத்தது. வேளாண்மை தோன்றும் முன்பே, சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன், ஓரிடத்தில் தங்கி வாழத் தொடங்கிய வேட்டைக்கார மக்களின் குடியிருப்புகளில் வீட்டுச் சுண்டெலியின் பற்கள் கிடைத்திருக்கின்றன. நாம் வயலை உருவாக்கும் முன்பே, நாம் நிலையாகத் தங்கிய சுவர்களை அது கண்டுபிடித்துவிட்டது. மொகஞ்சதாரோவில் தோண்டியபோது சுட்ட மண்ணால் செய்த எலிப்பொறிகளும் வந்தன. நாலாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறோம்.

இந்த வேலை ஏன் இன்னும் முடியவில்லை? பெண் சுண்டெலி பிறந்து ஆறேழு வாரத்தில் தாயாகத் தயாராகிவிடும். கர்ப்பம் மூன்று வாரம். ஒரு ஈற்றில் ஐந்து முதல் எட்டுக் குட்டிகள். குட்டி போட்ட ஒரு நாளுக்குள்ளேயே மறுபடி கருத்தரிக்கும். ஒரு நாளைக்கு அது தின்பது மூன்று நான்கு கிராம்தான். தனியாகத் தண்ணீர் இல்லாவிட்டாலும் தானியத்தில் உள்ள ஈரமே பெரும்பாலும் போதும். பத்து எலிகள் வாழ ஒரு கைப்பிடித் தானியம் போதும் என்றால், ஃப்ரிட்ஜுக்கு அடியில் சிதறிய பருக்கையும் அடுப்புக்குப் பின்னால் விழுந்த உளுந்தும் ஒன்றிரண்டைத் தாராளமாகக் காப்பாற்றும். எலி வந்த வீட்டுப் பெண்களை 'சுத்தம் போதாது' என்று சொல்லிக் காட்டுகிற வழக்கம் நம் குடும்பங்களில் உண்டு. அது அநியாயம். எவ்வளவு துடைத்தாலும் மூன்று கிராம் எங்காவது மிஞ்சும். துளை இருக்கிற சுத்தமான வீட்டுக்கு எலி வரும்.

எலியைக் கொன்றே தீர்க்கலாம் என்ற நம்பிக்கையை அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் 1940களில் சோதித்துப் பார்த்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் தெருத்தெருவாக எலிகளைக் கணக்கெடுத்தார்கள். நஞ்சு வைத்த தெருக்களில் எண்ணிக்கை சரிந்தது. பிறகு பழைய அளவுக்கே ஏறிவிட்டது. மிஞ்சியவற்றுக்கு ஆளுக்கு அதிக உணவும் அதிக இடமும் கிடைத்தன, அவ்வளவுதான். டேவிட் டேவிஸ் என்ற விலங்கியலாளர் இதிலிருந்து கண்டது: ஒரு தெருவில் எத்தனை எலி இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது அந்தத் தெருவில் உள்ள உணவும் ஒளிவிடமும். குப்பையை மூடி, பொந்துகளை அடைத்த தெருக்களில்தான் குறைவு நிலைத்தது. அங்கே ஆராய்ந்தது சாக்கடைப் பெருஎலிகளை. வீட்டுச் சுண்டெலிக்கும் கணக்கு அதேதான், உணவைவிடத் துளையின் பங்கு அதிகம் என்பது மட்டும் வேறுபாடு.

அதே பால்டிமோர் இன்னொரு விதத்திலும் இந்தக் கதையில் வருகிறது. ஆண் சுண்டெலி தன் எல்லையைச் சிறுநீரால் எழுதிவைக்கிறது. அதில் உள்ள ஒரு புரதத்தை 2010-ல் இங்கிலாந்தின் லிவர்பூல் ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தார்கள். ஜேன் ஆஸ்டினின் நாவலில் வரும் நாயகன் டார்சியின் நினைவாக அதற்கு 'டார்சின்' என்று பெயர் வைத்தார்கள். பெண் எலி அந்த வாசனையைத் தொட்டு முகர்ந்த இடத்தை நினைவில் வைத்துத் தேடி வரும். இதே புரதக் குடும்பம் காய்ந்து தூசியோடு பறக்கும்போது குழந்தைகளின் மூச்சுக்குழலை உறுத்துகிறது. பால்டிமோரின் ஏழைக் குடியிருப்புகளில் ஆஸ்துமாவால் அவதிப்பட்ட குழந்தைகளை ஆராய்ந்தபோது முன்வந்து நின்ற காரணங்களில் சுண்டெலி ஒவ்வாமை ஒன்று. ஆகவே புழுக்கையைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. பிளீச்சிங் கரைசலால் நனைத்து, சற்று நேரம் விட்டு, துணியால் வழித்து எடுக்க வேண்டும்.

இனி நஞ்சுக்கு வருவோம். பலரும் பெஸ்ட் கன்ட்ரோல் நிறுவனத்தைக் கூப்பிடுவது அதற்காகத்தான்.

1920களில் வட அமெரிக்கப் புல்வெளிகளில் மாடுகள் சிறு காயத்திலிருந்தும் இரத்தம் நிற்காமல் செத்தன. பூஞ்சை பிடித்த இனிப்புத் தீவனப்புல்லைத் தின்றவைதான் செத்தன என்று கால்நடை மருத்துவர்கள் கண்டார்கள். 1933 பிப்ரவரியில் விஸ்கான்சின் மாநிலத்தின் விவசாயி ஒருவர் கொட்டுகிற பனியில் செத்த கன்றையும், கெட்ட புல்லையும், உறையாத இரத்தம் நிறைந்த ஒரு பால் கேனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு வந்தார். கார்ல் லிங்க் என்ற வேதியியலாளர் அவருக்கு உடனடியாக உதவ முடியவில்லை. ஆனால் அந்தக் கேனை அவர் ஆய்வகம் விடவில்லை. ஆறு ஆண்டுகளுக்கும் மேல் உழைத்து இரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதன் வழியில் பிறந்த வார்ஃபரின் 1948-ல் எலிக்கொல்லியாகச் சந்தைக்கு வந்தது. 1954-ல் மனிதருக்கு மருந்தானது. மாரடைப்புக்குப் பிறகு அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கு அதைக் கொடுத்தார்கள். இன்று செயற்கை இதய வால்வு பொருத்தியவர் விழுங்குவதும் இதுவே.

இது வேலை செய்யும் விதம் இப்படி: இரத்தம் உறையத் தேவையான புரதங்களைக் கல்லீரல் தயாரிக்க வைட்டமின் கே வேண்டும். ஒருமுறை பயன்பட்ட வைட்டமின் கே-யை மறுபடி பயனுக்குக் கொண்டுவர ஒரு நொதி இருக்கிறது. வார்ஃபரின் அந்த நொதியை முடக்குகிறது. கையிருப்பில் உள்ள புரதங்கள் தீர்ந்த பிறகே இரத்தக்கசிவு தொடங்கும் என்பதால் சாவு வர மூன்று நாள் முதல் ஒரு வாரம் ஆகும். அந்தத் தாமதம் எலிக்குச் சந்தேகம் வராமல் காக்கிறது. தவறுதலாகத் தின்ற குழந்தைக்கோ நாய்க்கோ வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்றவும் அவகாசம் தருகிறது. இந்த ஒரு குணத்தால்தான் இந்த வகை நஞ்சை மற்றவற்றைவிட மேலானது என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் எலிகளும் காத்திருக்கவில்லை. 1958-ல் ஸ்காட்லாந்தின் ஒரு பண்ணையில் வார்ஃபரின் தின்றும் சாகாத எலிகள் வந்துவிட்டன. நொதியின் மரபணுவில் ஒரு சிறு மாற்றம், அவ்வளவே. ஐரோப்பாவின் சில சுண்டெலிகள் அந்த மாற்றத்தை அல்ஜீரியச் சுண்டெலி என்ற வேறோர் இனத்தோடு கலந்து வாங்கிக்கொண்டன என்று 2011-ல் தெரிந்தது. வார்ஃபரின் பலிக்காமல் போனதால்தான் புரோமாடியோலோன், புரோடிஃபாகம் போன்ற இரண்டாம் தலைமுறை நஞ்சுகள் தேவைப்பட்டன. நம் கடைகளில் நீல, பச்சை நிறக் கேக்காகக் கிடைப்பது பெரும்பாலும் 0.005 விழுக்காடு புரோமாடியோலோன். இது கல்லீரலில் மாதக்கணக்கில் தங்கும். நஞ்சுண்ட எலி தள்ளாடி வெளியே வந்தால் அதைப் பிடிப்பது மோதி பாக் மரங்களில் கண்ணுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் புள்ளி ஆந்தை. எலி பிடிக்கிற பறவைக்கே எலி மருந்து போய்ச் சேருகிறது.

இதைவிடக் கொடிய நஞ்சுகள் வேறு இருக்கின்றன, அவற்றைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. பசையாக விற்கப்பட்ட மஞ்சள் பாஸ்பரஸ் கல்லீரலை அழிக்கிறது. மாற்று மருந்து கிடையாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இரத்த நீர்மத்தை மாற்றிச் சிலரைப் பிழைக்கவைத்தார்கள். தமிழ்நாடு அரசு அதன் விற்பனைக்குத் தடை கொண்டுவந்தது. இன்னொன்று அலுமினியம் பாஸ்பைடு. வட இந்தியாவில் கோதுமை டிரம்மில் வண்டு வராமல் இருக்க 'சல்பாஸ்' மாத்திரை போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது; அதுதான் இது. காற்றின் ஈரம் பட்டதும் இந்த மாத்திரை பாஸ்பீன் வாயுவை வெளிவிடும். உடலின் ஒவ்வொரு செல்லும் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசிப் படியை அந்த வாயு அடைத்துவிடுகிறது. இதற்கும் மாற்று மருந்து இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூன்று கிராம் மாத்திரை ஒன்று ஒரு கிராம் பாஸ்பீன் தரும். அறை வெப்பத்தில் அது முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடியான மூடிய படுக்கையறையில் அது முழுதும் பரவினால் பத்து லட்சத்தில் 25 பங்கு. தொழிற்கூடத்தில் வேலை செய்பவருக்கு எட்டு மணி நேரத்துக்கு அனுமதிக்கப்படும் அளவு 0.3. எண்பது மடங்கு, ஒரே மாத்திரையில். வீடுகளில் உள்ள ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையின் காற்றையே சுழற்றிச் சுழற்றிக் குளிர்விக்கிறது. உள்ளே எது கலந்திருந்தாலும் அது உள்ளேயே இருக்கும்.

2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் ஒரு குடும்பம் எலித் தொல்லைக்காகப் பெஸ்ட் கன்ட்ரோல் ஆட்களை வரவழைத்தது. அவர்கள் வீட்டில் எலி மருந்து வைத்துவிட்டுப் போனார்கள். இரவு ஏ.சி. போட்டுக் குடும்பம் உறங்கியது. காலையில் நால்வருக்கும் உடல்நிலை மோசமானது. ஆறு வயதுச் சிறுமியும் ஒரு வயதுத் தம்பியும் இறந்தார்கள். பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். நிறுவன ஊழியர்கள் கைது செய்யப்பட்டார்கள். அந்தப் பெற்றோர் செய்தது நாம் எல்லாரும் செய்வதுதான்: தொழில் தெரிந்தவர் என்று நம்பி ஒருவரை வீட்டுக்குள் விட்டார்கள்.

அந்த நம்பிக்கைக்குச் சட்டம் ஓர் அடிப்படையை வைத்திருக்கிறது. 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971-ஆம் ஆண்டு விதிகளும் சொல்வது: பெஸ்ட் கன்ட்ரோல் தொழில் செய்ய மாநில உரிமம் வேண்டும். உரிமம் பெறுபவர் வேளாண் பட்டதாரியாகவோ வேதியியல் படித்த அறிவியல் பட்டதாரியாகவோ இருக்க வேண்டும். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், ஹாப்பூரில் உள்ள தானியச் சேமிப்பு நிறுவனம், ஹைதராபாத்தில் உள்ள பயிர்ப் பாதுகாப்புப் பயிற்சி நிறுவனம் போன்ற ஒன்றில் குறைந்தது 15 நாள் பயிற்சி பெற்றிருக்க வேண்டும்.  அலுமினியம் பாஸ்பைடு போன்ற புகைநஞ்சுகளுக்கு மத்தியப் பயிர்ப் பாதுகாப்பு ஆலோசகரின் தனி அனுமதி வேண்டும். பொதுமக்களுக்கு விற்கவே கூடாது. அதன் இடம் தார்ப்பாய் போட்டு மூடிய தானியக் கிடங்கு. மனிதர் உறங்கும் வீட்டுக்குள் அதை யார் கொண்டுவந்தாலும், எவ்வளவு அனுபவசாலி என்று சொல்லிக்கொண்டாலும், வாசலோடு திருப்பி அனுப்ப வேண்டும்.

ஆகவே தொலைபேசியில் விலை கேட்கும் முன் கேட்க வேண்டியது வேறு. உரிமத்தின் நகலைக் காட்டச் சொல்லுங்கள். எந்த நஞ்சு, எத்தனை விழுக்காடு, மாற்று மருந்து என்ன என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பெயர் சொல்லாமல் 'கம்பெனி மருந்து' என்பவரை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். கேக் வைத்தால் பூட்டுள்ள பெட்டிக்குள் வைக்க வேண்டும், திறந்த தட்டிலோ அலமாரிக்கு அடியிலோ அல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, வந்தவர் முதல் அரைமணி நேரம் என்ன செய்கிறார் என்று பாருங்கள். டார்ச்சை எடுத்துக்கொண்டு தொட்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பவர் நல்ல தொழிலாளி. செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் வயல் வரப்பில் வளையின் வாயைப் பார்த்தே உள்ளே எலி இருக்கிறதா, எந்தப் பக்கம் ஓடும் என்று கண்டு, நஞ்சில்லாமல் பிடிப்பார்கள். அந்தக் கண்தான் இந்தத் தொழிலின் உயிர். வந்ததும் பையைத் திறந்து மருந்தைத் தேடுபவரிடம் அது இல்லை.

பசை அட்டை வேண்டவே வேண்டாம். ஒட்டிக்கொண்ட எலி பசியாலும் தாகத்தாலும் மூச்சு முட்டியும் மணிக்கணக்கில் சாகிறது. பல்லியும் குருவியும் மூஞ்சூறும்கூட அதில் மாட்டுகின்றன. இந்திய விலங்கு நல வாரியம் 2011-லேயே அதற்கு எதிராக மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. மின்செருகியில் மாட்டி ஒலியெழுப்பும் கருவிகளும் வேண்டாம்; அவற்றின் விளம்பரங்களுக்கு ஆதாரம் கேட்டு அமெரிக்க வணிக ஆணையம் 2001-ல் அறுபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களை எச்சரித்தது.

வேலையை வரிசையாகச் செய்தால் பெரும்பாலும் நஞ்சே தேவைப்படாது. படுக்கும் முன் சமையலறை ஓரங்களில் மெல்லிய கோடாக மைதா மாவைத் தூவுங்கள். காலையில் காலடித் தடம் எங்கிருந்து தொடங்குகிறது என்று தெரியும். சுவரோரத்தில் கரும்பழுப்பு எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அது பலநாள் பாதை. அந்தப் பாதையில், சுவரை ஒட்டி, ஆறேழு அடிக்கு ஒன்றாகப் பொறிகளை வையுங்கள். சுண்டெலி தன் கூட்டிலிருந்து அதிக தூரம் போவதில்லை, எனவே வீட்டுக்கு ஒரு பொறி என்பது போதாது. நிலக்கடலையோ நெய் தடவிய ரொட்டித் துண்டோ போதும். கூண்டில் பிடித்ததை எதிர்ப் பூங்காவில் விடுவது தில்லியில் வழக்கம். பிள்ளையாரின் வாகனத்தைக் கொல்ல மனம் வராது. ஆனால் பக்கத்தில் விட்டது திரும்பி வரும். தொலைவில் விட்டது பழக்கமில்லாத இடத்தில் பெரும்பாலும் பிழைக்காது. நொடியில் கழுத்தை முறிக்கும் நல்ல விசைப்பொறி இரண்டையும்விடக் கருணையானது என்பது என் எண்ணம்.

உள்ளே இருப்பவை குறைந்ததும் துளைகள். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைத் திணித்து அதன்மேல் சிமென்ட் பூச வேண்டும். வெறும் ஃபோமை ஒரே இரவில் கொறித்துவிடும். கூலரைக் கழற்றி ஜன்னலை மூட வேண்டும், அல்லது ஆறு மில்லிமீட்டருக்குக் குறைந்த கண்ணுள்ள இரும்பு வலையை அடிக்க வேண்டும். பிளாஸ்டிக் கொசுவலை எலியைத் தடுக்காது. ஜாலிக் கதவின் அடியில் அலுமினியப் பட்டை. இவற்றில் பல அரசுக் கட்டடத்தின் பழுதுகள், எனவே குடியிருப்பின் பொதுப்பணித் துறை அலுவலகத்தில் புகாராகப் பதிவு செய்யலாம், 'எலி' என்று எழுதாமல் 'குழாய் நுழையும் இடத்தில் சுவர்த் துளை' என்று எழுதினால் கொத்தனார் வருவார்.

குவார்ட்டர்ஸில் மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் குழாய்கள் ஒரே சுவர் வழியே இறங்குகின்றன. ஒரு வீடு மட்டும் அடைத்தால் எலிகள் அடுத்த தளத்துக்கு ஏறும். அங்கே பெருகி, அடுத்த குளிர்காலத்தில் எங்கே சிமென்ட் விரிசல் விட்டதோ அங்கே வரும். நேதாஜி நகர், சரோஜினி நகர் பக்கம் பழைய குடியிருப்புகளை இடித்து மறுகட்டுமானம் நடப்பதால், இடம் இழந்த எலிகளுக்கு நிற்கிற கட்டடங்கள்தான் புகலிடம். ஒப்பந்தம் போடுவதானால் ஒரு படிக்கட்டைப் பகிரும் வீடுகள் எல்லாம் சேர்ந்து, ஒரே வாரத்தில், ஒரே நிறுவனத்தோடு போட வேண்டும். ஒப்பந்தத் தாளில் எத்தனை முறை மருந்து வைப்பார்கள் என்ற வரிக்கு மேலே, எத்தனை துளைகளைக் கண்டு அடைப்பார்கள் என்ற வரி இருக்கட்டும். மாவில் இரண்டு வாரம் தடம் விழாத பிறகு மீதிப் பணத்தைக் கொடுக்கலாம்.